கன்றை எண்ணாதீர்கள், நிழலை எண்ணுங்கள்!

"மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்!"

இந்த வாசகத்தைப் படிக்காமல் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் முடித்தவர் யாரும் இருக்க முடியாது. பேருந்துக்குள்ளே, பள்ளிச் சுவரில், அலுவலக வாசலில் என்று எங்கு பார்த்தாலும் மரம் இருக்கிறது. எழுத்தாக!

ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். குழி தயாராக இருக்கும். கன்று தயாராக இருக்கும். பத்துப் பேர் சேர்ந்து ஒரே ஒரு கன்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒருவர் பூவாளியால் தண்ணீர் ஊற்றுவார். எல்லோரும் கேமராவைப் பார்ப்பார்கள். மறுநாள் செய்தி வரும், இத்தனை ஆயிரம் கன்றுகள் நடப்பட்டன என்று.

சரி, போன வருடம் நட்ட அத்தனை ஆயிரத்தில் இன்று எத்தனை நிற்கின்றன? அந்தச் செய்தியை மட்டும் தேடினாலும் கிடைப்பதில்லை. போன வருடத்துக் குழியிலேயே இந்த வருடத்துக் கன்றும் இறங்கினால் கேட்பதற்கு ஆளில்லை. குழி வெட்டும் கூலியாவது மிச்சம்!

கன்று நடுவது குற்றமில்லை. நடுகிறவர்களில் பெரும்பாலோர் நல்ல மனதோடுதான் நடுகிறார்கள். ஆனால் ஒரு பெரிய ஏமாற்று வேலை இந்தக் கன்றுக் கணக்குக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. ஓர் ஊர் மரத்தால் அடையும் லாபம் முழுவதும் நின்று வளர்ந்த பெரிய மரங்களின் நிழலில் இருக்கிறது. அந்த நிழலை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் யாரும் எழுதுவதில்லை. எழுதாத சொத்து அழிந்தால் நட்டம் என்று யார் சொல்லப் போகிறார்கள்? அதனால்தான் மரத்தை வெட்டுவது இன்று இலவசமாக இருக்கிறது.

புதுக்கோட்டைக்கு என்ன அவசரம்?

புதுக்கோட்டை 2024 ஆம் ஆண்டில் மாநகராட்சி ஆனது. சுற்றியிருந்த ஊராட்சிகள் நகரத்தோடு சேர்ந்தன. மாநகராட்சி என்றால் என்ன வரும்? அகலமான சாலை வரும். மழைநீர் வடிகால் வரும். புதிய மனைப்பிரிவுகள் வரும். வணிக வளாகம் வரும். இவை எல்லாம் வேண்டியவைதான். ஆனால் இவற்றில் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வேம்பு, ஏதோ ஒரு புளி, ஏதோ ஒரு புங்கை நிற்கும் இடத்தில்தான் வரப் போகிறது. நேற்று வரை கிராமமாக இருந்த இடத்தில் கண்மாய்க் கரை ஆலமரத்துக்கு யாரும் காவல் போட வேண்டியிருக்கவில்லை. இன்று அந்த இடத்துக்குச் சதுர அடி விலை வந்துவிட்டது. இந்த நகரம் அடுத்த ஐம்பது வருடம் வெயிலில் நிற்குமா நிழலில் நிற்குமா என்பது இந்தப் பத்து வருடத்தில் முடிவாகிவிடும்.

இது வற்றாத ஆறு இல்லாத மாவட்டம். வெள்ளாறு மழைக்காலத்து ஆறு. வடகிழக்குப் பருவமழையை ஆயிரக்கணக்கான கண்மாய்களில் பிடித்து வைத்துத்தான் காலம் காலமாகப் பிழைப்பு நடந்திருக்கிறது. சமஸ்தானக் காலத்தில் 1878 இல் திவானாக வந்த சேஷய்ய சாஸ்திரி நகரத்துக் குளங்களைச் சீர்படுத்தியதை இன்றும் ஊரில் சொல்வார்கள். திருக்கோகர்ணம் கோயிலுக்குத் தல மரம் மகிழ மரம். சுவாமிக்கே மகிழவனேசர் என்று ஒரு பெயர் உண்டு! மாவட்டம் முழுக்கக் கோயில்காடுகள் இருக்கின்றன. ஒரு கொப்பை ஒடித்தாலும் சாமி கேட்கும் என்ற பயம் அந்தக் காடுகளை இத்தனை காலம் காப்பாற்றியது. நகராட்சி எல்லைக்குள் வந்த மரத்துக்கு அந்தச் சாமியின் காவலும் இல்லை, சட்டத்தின் காவலும் சரியாக இல்லை.

கஜாவுக்குப் பிறகு

2018 நவம்பர் 16 அதிகாலை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கம் தென்னையும் பலாவும் மாவும் படுத்துவிட்டன. நகரத்திலும் தெருவுக்குத் தெரு மரங்கள் சாய்ந்தன. கிராமங்களில் மின்சாரம் வர வாரக்கணக்கானது.

மரங்களை இழந்த துக்கம் ஒரு பக்கம் இருக்க, இன்னொன்றும் நடந்தது. "மரம்னாலே ஆபத்துப்பா" என்ற பேச்சு ஊருக்குள் வந்தது. விழாத மரத்தையும் விழும் என்று சொல்லி வெட்டலாம் என்ற தைரியம் வந்தது. வீட்டு வாசல் மரம், கடை வாசல் மரம், கம்பிக்கு அடியில் நின்ற மரம் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் கிடைத்தது. புயல்!

ஒரு கேள்வி. கஜாவில் டெல்டா மாவட்டங்களிலும் புதுக்கோட்டையிலும் சேர்த்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. அதற்காக மின்கம்பமே வேண்டாம் என்று யாராவது சொன்னார்களா? மின்வாரியம் மறுபடியும் கம்பம் நட்டது. ஏனென்றால் கம்பம் இல்லாவிட்டால் என்ன நட்டம் என்று எல்லோருக்கும் தெரியும். மரம் இல்லாவிட்டால் என்ன நட்டம் என்று தெரிந்திருந்தால் மரத்துக்கும் அதே மரியாதை கிடைத்திருக்கும்.

ஆக்சிஜன் கதை போதும்!

நட்டம் என்றதும் எல்லோரும் ஆக்சிஜனைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். பேச்சுப் போட்டியில் முதல் வரியே "மரம் இல்லையேல் ஆக்சிஜன் இல்லை" என்பதுதான்.

மேற்கு வங்காளத்தில் ரயில்வே மேம்பாலங்களுக்காக 356 மரங்களை வெட்டும் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. அந்தக் குழு ஒரு மரத்தின் மதிப்பு ஆண்டுக்கு 74,500 ரூபாய் என்று கணக்கிட்டது. இது 2021 இல் பெரிய செய்தியானது. நூறு வயது கடந்த மரம் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் பெறும் என்றும் அந்தக் குழு சொன்னது. மரத்துக்கு விலை உண்டு என்று நீதிமன்றப் படியேறிச் சொன்னார்களே, அது பெரிய விஷயம். ஆனால் அந்த 74,500 இல் 45,000 ரூபாய் ஆக்சிஜனுக்கு!

இங்கேதான் வாதம் பலவீனமாகிறது. காற்றில் சுமார் 21 விழுக்காடு ஆக்சிஜன். ஒரு தெருவில் மரத்தை வெட்டியதால் அந்தத் தெருவில் ஆக்சிஜன் குறைந்து யாரும் மூச்சுத் திணறுவதில்லை. உதிர்ந்த இலை மக்கும்போது அந்த ஆக்சிஜனில் ஒரு பகுதி மறுபடியும் செலவாகிவிடுகிறது. இதைத் தெரிந்த ஒப்பந்தக்காரர் சிரித்துக்கொண்டே கேட்பார்: "ஆக்சிஜன்தானே? பத்துக் கிலோமீட்டர் தள்ளி நூறு கன்று வச்சுத் தர்றேன், போதுமா?"

பதில் சொல்ல முடியாது. ஏனென்றால் ஆக்சிஜன் காற்றோடு எங்கும் போகும். நிழல் அப்படிப் போகாது. கீழ ராஜ வீதியில் வெட்டிய மரத்தின் நிழலைச் சித்தன்னவாசலில் நட்ட கன்று தராது. நகரத்து மரத்தின் மதிப்பே அது நிற்கிற இடத்தில்தான் இருக்கிறது. வாதம் இந்த இடத்தில் தொடங்க வேண்டும்.

நிழல் என்றால் கூலி

பெங்களூரு தெருக்களில் ஆய்வாளர்கள் அளந்து பார்த்து 2013 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மரம் உள்ள தெருவையும் மரம் இல்லாத தெருவையும் ஒப்பிட்டார்கள். பிற்பகல் நேரத்தில் காற்றின் வெப்பம் மரமுள்ள தெருவில் 5.6 டிகிரி செல்சியஸ் வரை குறைவு. தார்ச்சாலையின் மேற்பரப்பு வெப்பமோ 27.5 டிகிரி வரை குறைவு! பெங்களூருவிலேயே இப்படி என்றால் புதுக்கோட்டைச் சித்திரை வெயிலுக்கு மரத்தின் அருமை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தகரக் கூரையும் நிழல்தானே என்று கேட்கலாம். தகரம் சூடேறி அந்தச் சூட்டைக் கீழே நிற்பவர் தலையில் இறக்கும். மரம் வேரில் உறிஞ்சிய தண்ணீரை இலை வழியே ஆவியாக விடுகிறது. ஆவியாகும் தண்ணீர் சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே வித்தைதான். மின்கட்டணம் இல்லாமல் தெருவில் நிற்கும் பெரிய மண்பானை, மரம்.

இந்த மண்பானை யாருக்கு வேண்டும்? குளிரூட்டிய காரில் போகிறவருக்கு மரம் ஒரு காட்சி. தெருவில் பிழைக்கிறவருக்கு அது கடைக்குக் கூரை. இளநீர்க்காரர், நுங்கு வெட்டுபவர், செருப்புத் தைப்பவர், இஸ்திரி வண்டிக்காரர், ஆட்டோ ஸ்டாண்டு... இவர்கள் எல்லோரும் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு மரத்தடியில்! வாடகை கிடையாது, முன்பணம் கிடையாது. கீரைக்கட்டும் மல்லிகைப்பூவும் வெயிலில் இரண்டு மணி நேரம் இருந்தால் வாடிவிடும். வாடிய கீரையைப் பாதி விலைக்குக் கேட்பார்கள், அல்லது வாங்கவே மாட்டார்கள். பூ விற்கும் பெண்ணுக்கு மரநிழல் அன்றைய வருமானத்தில் ஒரு பங்கு. அந்த மரத்தை வெட்டினால் அவர் குடைக்கும் தார்ப்பாய்க்கும் காசு போட வேண்டும், போட்டும் பூ வாடும். இந்த நட்டம் எந்த அரசுக் கோப்பில் ஏறுகிறது?

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019 இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2030 இல் வெப்பத்தால் மட்டும் இந்தியா தன் மொத்த வேலை நேரத்தில் 5.8 விழுக்காட்டை இழக்கும் என்கிறது அந்தக் கணிப்பு. அது 3 கோடியே 40 லட்சம் பேரின் முழுநேர வேலைக்குச் சமம். தமிழ்நாடு அரசும் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் ஒருவர் இறந்தால் நிவாரணம் உண்டு. நல்லது. ஆனால் இறக்காமல் இருக்க நிழல் எங்கே? பேரிடர் என்று அறிவித்துவிட்டு, அந்தப் பேரிடரைத் தடுக்கும் மரத்தை வெட்ட ஒப்பந்தப்புள்ளி கோருவது எந்த ஊர் நியாயம்?

ஐரோப்பாவில் 93 நகரங்களை எடுத்துக்கொண்டு 2023 இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வந்தது. நகர வெப்பத்தால் நேரும் கோடைக்கால இறப்புகளில் மூன்றில் ஒரு பங்கை, மர நிழலை 30 விழுக்காடாக உயர்த்தினால் தடுக்கலாம் என்கிறது அது. 1984 இல் அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் என்பவர் செய்த ஆய்வு இன்னும் சுவையானது. அறுவை சிகிச்சை முடிந்தவர்களில் ஜன்னல் வழியே மரம் தெரிந்த நோயாளிகள், செங்கல் சுவர் மட்டும் தெரிந்த நோயாளிகளைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வலி மாத்திரையும் குறைவாகவே கேட்டார்கள். மருத்துவமனை வளாகத்தில் மரத்தை வெட்டி வண்டி நிறுத்த இடம் செய்பவர்கள் இதை ஒருமுறை படிக்கலாம்.

பத்துக்கு ஒன்று என்ற பித்தலாட்டம்

"ஒரு மரம் வெட்டினால் பத்துக் கன்று நடுகிறோம்." சாலைப் பணிகளில் இதுதான் வழக்கமான சமாதானம். நிபந்தனையாகவே எழுதுகிறார்கள். பத்து மடங்கு லாபம் போலத் தெரிகிறது அல்லவா? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நன்றாக வளர்ந்த ஒரு வேப்ப மரத்தின் கிளைகள் தண்டிலிருந்து எல்லாப் பக்கமும் 6 மீட்டர் பரவியிருப்பதாக வைத்துக்கொள்வோம். நண்பகலில் அதன் நிழல் சுமார் 113 சதுர மீட்டர். புதிதாக நட்ட கன்றின் கிளைகள் 30 சென்டிமீட்டர் பரவியிருந்தாலே அதிகம். அதன் நிழல் கால் சதுர மீட்டரைவிடச் சற்று அதிகம், 0.28. பத்துக் கன்றுக்கும் சேர்த்து 2.8 சதுர மீட்டர். ஆக, வெட்டிய ஒரு மரத்தின் நிழலை ஈடுகட்ட 400 கன்றுகள் வேண்டும்! பத்துக் கன்று என்பது நாற்பதில் ஒரு பங்கு. ஒரு லட்ச ரூபாய் கடனுக்கு 2,500 ரூபாயைக் கொடுத்துவிட்டு "பத்து நோட்டாகக் கொடுத்தேன், கணக்குத் தீர்ந்தது" என்று சொல்வது போன்றது இது.

கன்று வளருமே என்பார்கள். வளரட்டும். பத்துப் பதினைந்து வருடம் ஆகும். அதுவும் ஆடு மாடு கடிக்காமல், கோடையில் தண்ணீர் நிற்காமல், அடுத்த சாலைப் பணி வராமல் இருந்தால்! இந்தப் பதினைந்து கோடையும் அந்தப் பூக்காரப் பெண் எங்கே உட்காருவார்?

காகிதத்தில் பச்சை

இன்னொரு கணக்கு விளையாட்டும் உண்டு. மாவட்டத்தில் பசுமைக்கு என்ன குறை, சாலையோரம் எங்கும் காடாக இருக்கிறதே என்பார்கள். ஆமாம், தைல மரக் காடு! 1974 இல் தொடங்கிய தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் இந்த மாவட்டத்தில் தைல மரத் தோட்டங்களை வளர்த்து, காகித ஆலைக்குக் கூழ் மரமாக அனுப்புகிறது. நிலத்தடி நீர் போகிறது, கண்மாய்க்கு நீர் வரத்துக் குறைகிறது என்று விவசாயிகள் பல வருடமாகப் போராடுகிறார்கள், நீதிமன்றத்துக்கும் போனார்கள்.

இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் கணக்கில் ஒரு ஹெக்டேருக்கு மேல் பரப்பும் 10 விழுக்காட்டுக்கு மேல் மர அடர்த்தியும் இருந்தால் அது வனப்பரப்பு. என்ன மரம், யாருடைய நிலம் என்ற கேள்வி கிடையாது. ஆகவே தைலத் தோப்பும் வனம்தான்! தைல மரத்தின் இலைகள் செங்குத்தாகத் தொங்குவதால் நிழலும் கெட்டியாக விழாது. சில வருடத்தில் வெட்டி லாரியில் ஏற்றிவிடுவார்கள். தமிழ்நாட்டின் காடு, மரப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்துவது என்று 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியது. நோக்கம் சிறந்தது. ஆனால் மாவட்டத்தின் மொத்தக் கணக்கில் பச்சை கூடுவதும், பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பாட்டியின் தலைக்கு மேல் நிழல் கூடுவதும் ஒன்றல்ல.

எதிர்ப்பவர்களுக்குப் பதில்

"மரம் விழுந்தால் உயிர் போகுமே?" போகும், மறுப்பதற்கில்லை. ஆனால் மரம் ஏன் விழுகிறது? அடிமரம் வரை சிமெண்டும் தாரும் பூசி வேருக்குத் தண்ணீரும் காற்றும் போகாமல் அடைக்கிறார்கள். வடிகாலுக்கும் கேபிளுக்கும் பள்ளம் தோண்டும்போது ஒரு பக்கத்து வேரை அறுக்கிறார்கள். கம்பியில் படுகிறது என்று ஒரு பக்கத்துக் கிளையை மட்டும் கழிக்கிறார்கள். விளம்பரப் பலகைக்கு ஆணி அடித்துப் பட்டையைப் புண்ணாக்குகிறார்கள். ஒரு காலை வெட்டிவிட்டு "இவன் நிற்க மாட்டேன் என்கிறான்" என்று குற்றம் சொன்னால் எப்படி? கஜாவுக்குப் பிறகு சில இடங்களில் வேரோடு சாய்ந்த ஆல், அரச மரங்களைக் கிளை கழித்து, பொக்லைன் வைத்து நிமிர்த்தி மறுபடியும் நட்டார்கள். துளிர்த்தன! அந்த மரங்கள் வாழ ஆசைப்பட்டன. விட்டது யார் குற்றம்?

"இலை கொட்டிக் குப்பையாகிறது." இலை மக்கினால் உரம். நெகிழிப்பை மக்காது. எந்தக் குப்பையைக் கண்டு முகம் சுளிக்க வேண்டும் என்பதை யோசிக்கலாம்.

"கடையின் பெயர்ப்பலகையை மறைக்கிறது." வெயிலில் வெந்து நடப்பவர் பெயர்ப்பலகையைப் பார்க்கவா போகிறார்? விறுவிறுவென்று தாண்டிப் போய்விடுவார். நிழலில் நிற்பவர்தான் கடைக்குள் எட்டிப் பார்ப்பார்.

"நகர வளர்ச்சிக்குத் தடை." இதுதான் பெரிய பொய். புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து எத்தனையோ பேர் வேலைக்குப் போகும் சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம். லீ குவான் யூ 1963 இல் மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கினார். 1967 இல் தோட்ட நகரம் என்பது அரசின் கொள்கையானது. சாலையோர மரங்களை இவ்வளவு ஒழுங்காகப் பராமரிக்கும் ஊர் தொழிலையும் ஒழுங்காக நடத்தும் என்று வெளிநாட்டு முதலீட்டாளர்கள் நம்புவார்கள் என்பது அவர் போட்ட கணக்கு. 1975 இல் பூங்கா, மரச் சட்டமே வந்தது. பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் ஒரு மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. அங்கே சாலைக்கு இரு பக்கமும் குடை பிடிக்கும் மரம் எது தெரியுமா? இங்கே கேட்பாரற்று நிற்கிற அதே தூங்குமூஞ்சி மரம்! அங்கே போனால் அதன் அடியில் நின்று படம் எடுத்து அனுப்புகிறார்கள். இங்கே வந்தால் வீட்டு வாசல் வேம்பை வெட்டிவிட்டு டைல்ஸ் போடுகிறார்கள்.

நியூயார்க் நகரமும் கணக்குப் பார்த்தது. சுமார் 5,92,000 தெரு மரங்களுக்கு 2007 இல் வெளியான கணக்கு அது. மரத்துக்குச் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் 5 டாலர் 60 சென்ட் பயன் திரும்புகிறது. மின்சாரச் சேமிப்பு, மழைநீர் வடிகாலின் சுமை குறைதல், வீட்டு மதிப்பு உயர்தல் எல்லாம் அதில் அடக்கம். பணத்தைத் தவிர வேறெதையும் பேசாதவர்களுக்கும் இது போதும்.

என்ன கேட்க வேண்டும்?

ஜூன் 5 அன்று கைதட்டிவிட்டுக் கலைவதைவிட, மாநகராட்சியிடமும் வார்டு உறுப்பினரிடமும் கேட்க வேண்டியவை சில உண்டு.

1. வார்டு வாரியாக மரப் பதிவேடு. எத்தனை மரம், என்ன மரம், எவ்வளவு நிழல் என்று எழுதிப் பொதுவில் வைக்க வேண்டும். பதிவேட்டில் இருக்கும் மரம் காணாமல் போனால் கேள்வி கேட்கலாம்.

2. அரசு நிலத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும் என்ற ஏற்பாடு ஏற்கெனவே உள்ளது. வெட்டுவதற்கு முன்பே அந்த விண்ணப்பத்தை மரத்தின் மீதே கட்டித் தொங்கவிட வேண்டும், ஆணி அடிக்காமல்! மகாராஷ்டிரத்தில் நகர மரங்களுக்கென்று 1975 இலேயே சட்டம் வந்துவிட்டது.

3. ஈடு என்றால் நிழலுக்கு ஈடு. கன்றின் எண்ணிக்கை செல்லாது. ஒப்பந்தக்காரருக்குப் பணம் நட்ட அன்று கொடுக்கக்கூடாது, மூன்றாம் வருடம் உயிரோடு நிற்கும் மரத்துக்குக் கொடுக்க வேண்டும்.

4. ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் ஒரு மீட்டராவது திறந்த மண். சிமெண்ட் போட்டவரே உடைத்து எடுக்க வேண்டும்.

5. எந்த மரம் என்பதில் புத்தி வேண்டும். கம்பிக்கு அடியில் உயரம் போகாத மரம், கம்பி இல்லாத பக்கம் வேம்பு, புங்கை, மகிழம், நாவல், இலுப்பை. சீக்கிரம் பச்சையாகிறது என்று கொனோகார்பஸை வரிசையாக நட்டுவிட்டு, பிறகு அது தீங்கானது என்று தெரிந்து 2023 இல் குஜராத் தடை செய்தது. 2025 இல் தமிழ்நாடும் தடை செய்தது. அவசரத்துப் பச்சைக்கு இது பாடம்.

6. பெரிய மனைப்பிரிவுகளில் 10 விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்பது விதி. 'சோலை நகர்', 'பசுமை நகர்' என்று பெயர் வைத்துவிட்டு ஒரு மரம்கூட இல்லாத மனைப்பிரிவுகளில் அந்த இடம் எங்கே என்று கேட்க வேண்டும்.

7. முதல் நிழல் ஏழைக்கு. பேருந்து நிறுத்தம், அரசு மருத்துவமனை, உழவர் சந்தை, பள்ளி செல்லும் வழி, ரேஷன் கடை வரிசை. இவை முடிந்த பிறகு அழகுக்கு நடலாம்.

இந்த ஏழும் நடக்க முடியாத காரியங்கள் அல்ல. இதே மாவட்டத்தில், கீரமங்கலம் அருகே சேந்தன்குடியில் ஒரு விவசாயி தன் நிலத்தையே மரச்சோலையாக்கினார். ஊர் ஊராகப் போய்க் கன்று கொடுத்தார். 'மரம்' என்பது அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. மரம் தங்கசாமி! கஜா வருவதற்கு இரண்டு மாதம் முன்பு, 2018 செப்டம்பரில் மறைந்தார். ஒரு தனிமனிதர் தன் கைக்காசில் செய்ததை, வரி வாங்கும் ஒரு மாநகராட்சி செய்ய முடியாதா?

நண்பர்களே, அடுத்த முறை "ஆயிரம் கன்றுகள் நட்டோம்" என்று யாராவது மேடையில் சொன்னால் கைதட்டுங்கள், தவறில்லை. கைதட்டிவிட்டு எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

"ஐயா, நிழல் எத்தனை சதுர மீட்டர்?"